412 தாள்களை அழிக்காமல் வைத்திருந்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

பாலாறு வீட்டுக்குள் வந்த அந்த ராத்திரியைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை. வேலூர் விருதம்பட்டில் இருப்பவர்களுக்கும் எங்களைத் தெரிந்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகும் நான் யார் போனையும் எடுக்கவில்லை. வாசலில் வந்து நின்றவர்களிடம்கூட சரியாகப் பேசவில்லை. அதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நேற்று சாயங்காலம் என் மூன்று வருட உழைப்பு திரும்பக் கிடைத்தது. கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன போயிற்று என்று புரியாமலே பலர் எனக்காக அலைந்தீர்கள். அதனால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். பூமியின் நடுவில் 1,220 கி.மீ. ஆரமுள்ள திடமான இரும்பு உருண்டை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி உருகிய இரும்பு. இரண்டும் தொடும் எல்லை நம் காலடியிலிருந்து ஏறக்குறைய 5,150 கி.மீ. ஆழத்தில். அங்கே யாரும் போய்ப் பார்க்க முடியாது, நிலநடுக்க அலைகள்தான் போய்வருகின்றன. உலகின் ஒரு பக்கம் நிலம் பலமாக அதிர்ந்தால், ஓர் அலை அந்த உருண்டைக்குள் நுழைந்து வெளியேறும். இன்னொன்று அதன் மேல் பட்டுத் தெறிக்கும். ஏறக்குறைய 19 நிமிடம் பயணம் செய்து இரண்டும் மறுபக்கத்துக் கருவிக்கு வந்து சேரும்போது, நான் பார்க்கும் தூரங்களில், நடுவில் ஒரு நொடிதான் இடைவெளி. அந்த ஒரு நொடி சில பாதைகளில் கூடுகிறது, சில பாதைகளில் குறைகிறது. உருண்டையின் மேற்பகுதி கிழக்கு அரைக்கோளத்தில் அலையை வேகமாகவும் மேற்கில் மெதுவாகவும் விடுகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஏன் அப்படி என்பதற்கு இன்னும் முடிவான பதில் இல்லை. எனக்கு அதில்தான் பைத்தியம்.

அலைப்பதிவுகள் போகவில்லை. அவற்றைத் தரவு மையங்களிலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். போனது என் பென்சில் குறிகள். முதல் அலையின் வால் அடங்குவதற்குள் இரண்டாவது வந்து ஏறும் இடத்தில் கணினி தடுமாறும், கண்தான் வேண்டும். ஒரு நொடியை இரண்டு விரற்கடை அகலத்துக்கு நீட்டி அச்செடுத்து, 412 தாள்களிலும் இரண்டாவது அலை தொடங்கும் இடத்தைக் குறித்திருந்தேன். தாள்கள், லேப்டாப், பென்டிரைவ் மூன்றும் பீரோவின் கீழ்த்தட்டில், ஒரே பையில்.

நேற்று ஐடா ஸ்கடர் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு அம்மாவின் ரேஷன் கார்டை நகலெடுக்கப் போனேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களை நம்பி நடக்கும் கடை. கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் ரிப்போர்ட்டும் கையுமாக நிற்பார்கள். அண்ணன் இந்தி, பெங்காலி, தமிழ் என்று மூன்றிலும் சில்லறை கேட்பார். என்னைப் பார்த்ததும், "இன்னாமா, ஆளே காணோம்? உன் ஈசிஜி எல்லாம் அப்படியே கீது, வேணாமா?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஆறேழு மாதத்துக்கு முன்னால், தாள்கள் கிழியத் தொடங்கியபோது, நான்கு தவணையாக அவரிடம் கொடுத்து ஸ்கேன் செய்து பென்டிரைவில் வாங்கிப் போனேன். அதோடு மறந்தும் போனேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 'காட்பாடி பொண்ணு ஈசிஜி' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே 412 தாளும்.

"ஆஸ்பத்திரி பேப்பர் எதையும் நான் அழிக்கறது இல்லமா. ஊருக்குப் போற வழியில ரயில்ல பையைத் தொலைச்சுட்டு போன் பண்ணுவாங்க. அந்த நேரத்துல இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, எங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்து, என் தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் பேசிய மொழி எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் என் நன்றி.

அப்புறம் இது யாருடைய ஈசிஜியும் இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன். வேலூருக்கு நேர் எதிர்ப்பக்கம் பெருவுக்கு மேற்கே பசிபிக் கடல், அந்தப் பக்கத்து நிலநடுக்கங்கள் பூமியைத் துளைத்து இந்தப் பக்கம் வருகின்றன என்று விளக்கினேன். கூட்டம் நிற்கும் நேரத்திலும் அவர் ஒரு தாளைப் பெரிதாக்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுல எது உள்ள போய்ட்டு வந்தது?" என்றார். முதல் மேட்டைக் காட்டினேன். "அப்போ பின்னாடி வர்றது மேல பட்டுட்டு வந்ததா?" ஆமாம் என்றேன். ஆய்வரங்குகளில் இதைப் புரியவைக்க எனக்கு இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. காசு வாங்க மறுத்துவிட்டார். பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

ஈரத் தாள்களை மொட்டைமாடியில் விரித்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிய என் சீனியர், பதிவுகளை மறுபடி இறக்கித் தந்த ஆய்வக நண்பர்கள், ஆய்வேடு கொடுக்க வேண்டிய தேதியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் "சாப்பிட்டியாமா" என்று மட்டும் தினமும் கேட்ட என் நெறியாளர் ஐயா, சேறு அள்ளிய தெருப் பையன்கள், ஆம்பூரிலிருந்து மூன்று நாள் சாப்பாடு கொடுத்தனுப்பிய பெரியம்மா. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

பூமியின் நடுவில் இருக்கும் அந்த இரும்பு உருண்டையை, அதாவது உட்கருவை, முதலில் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் இங்கே லேமன். 1929-இல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில், வரக்கூடாத இடத்தில் வந்த மெல்லிய அலைகளைக் கவனித்து, 1936-இல் எழுதினார். நிலநடுக்கக் குறிப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தாராம். இந்த நாட்களில் அந்தப் பெட்டிகளை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். இனி என் குறிகள் ஒரே பையில் இருக்காது. ஆய்வேடு முடிந்ததும் 412-ஐயும் பொதுவில் வைத்துவிடுவேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம்.

ஆய்வேட்டின் எல்லாப் பிரதிகளும் அந்தச் சந்துக் கடையில்தான் அச்சாகும். 37-ஆவது தாளின் ஸ்கேன் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஓரத்தில் அண்ணனின் கட்டைவிரல் நுனி பதிந்திருக்கிறது. பின்னிணைப்பில் அதை வெட்டாமல் அப்படியே சேர்க்கப் போகிறேன்.