ஊசி போடும் கைக்குப் படிப்பு வேண்டும்

ஐயா,

அம்மாவின் முழங்கால் வலிக்குக் கடலூரில் ஓர் அக்குபஞ்சர் மையத்துக்கு அழைத்துப் போனேன். வலி குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, மூன்று மாத ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றார் ஊசி போட்டவர்.

2019-ல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. சரி, அப்புறம்? இயற்கை மருத்துவம், யோகா பட்டத்துக்கு நாலரை ஆண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியும் உண்டே! மார்பில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரலே ஓட்டையாகலாம். உடற்கூறு, ஊசிச் சுத்தம், யாரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் பாடத்தில் இருக்க வேண்டும். மூத்தவர் மேற்பார்வையில் பழகாமல் யாரும் தனியாக ஊசி எடுக்கக் கூடாது. முறையாகக் கற்றவர்களின் பெயரைக் காக்கவும் இது தேவை. தேர்வையும் பதிவையும் அரசு கட்டாயமாக்கி, பதிவு எண்ணை வாசலில் எழுதி வைக்கச் சொல்லட்டும்.

வாசகர், கடலூர்