தோற்ற ஆட்டத்தை உடனே மூடிவிடாதே

தம்பி,

நேற்று ராத்திரி லிசெஸ் என்கிற செஸ் தளத்தில் உன் ஆட்டங்களைப் பார்த்தேன். யாருடைய ஆட்டத்தையும் பார்க்கலாம் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். பன்னிரண்டு மணிக்கு மேல் மூன்று நிமிட ஆட்டம் ஏழு, ஏழும் தோல்வி, ஒன்று முடிந்த கையோடு அடுத்தது. கோபத்தில் ஆடியிருக்கிறாய்.

நானும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு 555 புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன், முன்பு ஆயர் ஈத்தாம் மளிகைக்கடையில் நம் கடனை எழுதிவைப்பார்களே, அதேதான். தோற்றால் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. முதலில் ஆட்டத்தை நானே திரும்ப ஓட்டி, எந்த இடத்தில் சறுக்கினேன், அப்போது என்ன நினைத்தேன் என்று எழுதுவேன். அப்புறம்தான் ஸ்டாக்ஃபிஷ், அந்தச் செஸ் கம்ப்யூட்டர் ப்ரோகிராம்.

போன வாரம் கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரமாக வைத்திருந்தேன், முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையவில்லை. கடைசி வரிசையைக் காத்துக்கொண்டிருந்த யானையை எடுத்துப் போய் ஓரத்தில் ஒரு சிப்பாயை வெட்டினேன். எதிராளியின் யானை நேராக என் கடைசி வரிசைக்கு இறங்கியது, ராஜாவுக்கு ஓட இடமில்லை, செக்மேட். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் தப்பித்திருப்பேன். கம்ப்யூட்டர் அந்த நகர்வுக்கு, படுமோசமான தப்பு என்று இரண்டு கேள்விக்குறி போட்டது. ஆனால் புத்தகத்தில் நான் எழுதியிருந்தது "சும்மா கிடைக்கிறதே என்று வெட்டினேன்". பின்னால் புரட்டினால் அதே "சும்மா கிடைக்கிறதே" இன்னும் மூன்று இடத்தில் இருக்கிறது, வேறு வேறு ஆட்டம், வேறு வேறு காய். இதைக் கம்ப்யூட்டர் எப்படிச் சொல்லும்? இப்போதெல்லாம் எதையும் வெட்டுமுன், இந்தக் காய் இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன்.

உன்னுடைய ஏழில் நாலு ஆட்டத்தில் ராணியை ஐந்தாறு நகர்வுக்குள்ளேயே வெளியே கொண்டுவந்துவிட்டாய். அதை விரட்டுகிற சாக்கில் அவர்களுடைய குதிரை, மந்திரி எல்லாம் நல்ல இடத்துக்கு வந்துவிட்டன, உன் காய்கள் அங்கேயே கிடந்தன. ஏன் அவ்வளவு அவசரம் என்று உனக்கு மட்டும்தான் தெரியும் தம்பி.

மூன்று நிமிட ஆட்டத்தைக் கொஞ்ச நாள் விடு. பதினைந்து நிமிடம், நகர்வுக்குப் பத்து வினாடி கூடுதல், ஒரு நாளைக்கு ஒன்று போதும். லிசெஸ்ஸிலேயே தவறுகளிலிருந்து கற்கிற பட்டன் இருக்கிறது, நீ தப்பாக ஆடிய இடத்துக்கே கொண்டுபோய் வேறு நகர்வு தேடச் சொல்லும். விடையைப் பார்த்துவிடாமல் தேடு, நேரமானாலும் பரவாயில்லை.

அந்த நாலில் ஒன்றை எடுத்து, ராணியைத் தூக்கும்போது மனதில் என்ன இருந்தது என்று எழுதி, படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பு. கோலாலம்பூரில் இந்நேரம் வேலை முடிந்திருக்கும், சாப்பிட்டுவிட்டு எழுது.

அம்மா