கருப்பு ஜெர்சி 1905ல பிறக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல நியூசிலாந்து ரக்பி டீமோட வெளிநாட்டு டூர் பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க, கிரிக்கெட் போக மிச்ச இடத்துல ரக்பிக்கு அரைப்பக்கம் குடுத்ததே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கதைய 1905ல டேவ் கல்லஹர் கேப்டனா இருந்த நியூசிலாந்து டீம்ல இருந்து ஆரம்பிச்சு, கருப்பு ஜெர்சியும் ஹாக்காவும் (மேட்சுக்கு முன்னாடி ஆடுற மாவோரி ஆட்டம்) இங்கிலாந்துக்கு அவங்களோடதான் வந்துச்சுங்கற மாதிரி எழுதிட்டீங்க, அது எனக்கு மனசு ஆறலைங்க.

அதுக்கு 17 வருஷம் முன்னாடியே, 1888ல, ஜோ வார்ப்ரிக் தலைமையில 26 பேர் கப்பல் ஏறிப் போனாங்க, பெரும்பாலும் நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரிங்க, அதுல வார்ப்ரிக் சகோதரங்க மட்டும் அஞ்சு பேர். நெஞ்சுல வெள்ளி ஃபெர்ன் இலை வச்ச கருப்பு ஜெர்சிய அவங்கதான் போட்டுட்டுப் போனாங்க, இங்கிலாந்து மண்ணுல ஹாக்காவும் ஆடினாங்க. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன்னு சுத்தி வந்து மொத்தம் 107 ரக்பி மேட்ச், அதுல ஜெயிச்சது 78. டப்ளின்ல அயர்லாந்தையே தோக்கடிச்சாங்க. பிரிட்டன் பக்கம் மட்டும் ஆறு மாசத்துக்குள்ள 74 மேட்ச், அதாவது வாரத்துக்கு மூணு!

நான் சென்னையில காலேஜ் நாள்ல இருந்து பன்னெண்டு வருஷம் ரக்பியில ஃபிளாங்கரா (ஃபார்வர்ட் வரிசையில ஓரத்துல ஆடுறவர்) ஆடினவன். ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் ஆடினா திங்கட்கிழமை பைக்ல கால தூக்கிப் போட முடியாது, கழுத்து திரும்பாது, முட்டியில தோல் உரிஞ்ச எடத்துல பேண்ட் ஒட்டிக்கும், குளிக்கிறப்போ உயிரே போகும். இவங்க அடிபட்ட ஆளுக்கு மாத்தா இறக்க ஆளில்லாம அதே உடம்போட அடுத்த ஊருக்கு ரயில் ஏறியிருக்காங்க, அதுவும் இங்கிலாந்து குளிர்காலத்துல. அத நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது சார்.

1889 பிப்ரவரியில பிளாக்ஹீத்ல இங்கிலாந்தோட மேட்ச், ரெஃப்ரி யாருன்னா இங்கிலாந்துல ரக்பிய நடத்துற சங்கமான ரக்பி யூனியனோட செக்ரட்டரி ரோலண்ட் ஹில்லே. ஆட்டத்துக்கு நடுவுல இங்கிலாந்து பிளேயர் ஆண்ட்ரூ ஸ்டோடார்ட்டோட டவுசர் கிழிஞ்சு போச்சு, மனுஷன் மானம் போகக் கூடாதேன்னு வார்ப்ரிக் டீம் பசங்க ஆட்டத்த நிறுத்திட்டு அவர சுத்தி மறைச்சு நிக்க, இங்கிலாந்தோட ஃப்ராங்க் எவர்ஷெட் பந்த எடுத்துட்டு ஓடிப் போய் ட்ரை (எதிரணி கோட்டுக்கு அப்பால பந்த தரையில வச்சு எடுக்கற ஸ்கோர்) போட்டுட்டார், ரெஃப்ரியும் அத குடுத்துட்டார். கோவத்துல மூணு பேர் கிரவுண்ட விட்டே வெளிய போனாங்க. கடைசியில மன்னிப்பு கேக்க வேண்டி வந்தது யாரு, மறைச்சு நின்னவங்க! ஊருக்குக் கிளம்புறப்ப யூனியன் சார்புல முறையா ஒரு வழியனுப்பு கூட இல்ல.

அதிகாரபூர்வ டீம் இல்லையேன்னு சிலர் சொல்லுவாங்க. நியூசிலாந்துல யூனியனே 1892லதான் வந்துச்சு, அப்புறம் இவங்களுக்கு முத்திரை குத்தறதுக்கு யார் இருந்தா? அடுத்த வருஷமே அந்த யூனியன் கூட்டத்துல கருப்பு ஜெர்சியும் வெள்ளி ஃபெர்னும்தான் நாட்டு டீமுக்கு வேணும்னு சொன்னவர் டாம் எலிசன், இதே டூர்ல ஆடினவர். உலக ரக்பி அமைப்பும் 2008ல வார்ப்ரிக்கையும் இந்த டீமையும் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாச்சு. வார்ப்ரிக்தான் அதெல்லாம் பாக்காமலே 1903ல வைமாங்கு வெந்நீர் ஊத்து பொங்கினதுல சிக்கி இறந்துட்டார், அப்ப வயசு 41.

ஒரு சின்ன திருத்தமாவது வர்ற ஞாயிறு அதே பக்கத்துல போடுங்க சார். கல்லஹர் படத்த அவ்வளவு பெருசா போட்டீங்க, இந்த டீமோட குரூப் போட்டோவும் இருக்கு, அதையும் கூடவே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு பழைய ஃபிளாங்கர், சென்னை