இரு பள்ளிகள் சேர்ந்து போடும் குறவஞ்சி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ஆண்டு விழாவில் வழக்கமான கலை நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக, எதிர்த் தெருவில் உள்ள ஆண்கள் மேல்நிலைப் பள்ளியோடு சேர்ந்து 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை இசை நாடகமாக மேடையேற்றுகிறோம். உலா வரும் குற்றாலநாதர்மேல் காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி சொல்லும் கதை இது. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு அவர்கள் பள்ளியின் திறந்தவெளி அரங்கில் நடக்கும். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

இதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம் நமக்குப் பக்கத்து ஊர். அவர் பாடிய அருவியையும் மலையையும் நம் பிள்ளைகள் வகுப்பறை ஜன்னலிலிருந்தே பார்க்கிறார்கள். நடைமுறைக் காரணமும் உண்டு. இது 18-ஆம் நூற்றாண்டு நூல் என்பதால் பாட்டுக்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை. மெட்டு அப்படியல்ல. நூலில் ராகமும் தாளமும் குறித்திருக்கிறதே தவிர ஸ்வரக் குறிப்பு கிடையாது. 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக்கியபோதும் புதிதாகத்தான் இசையமைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் போட்ட மெட்டுகளுக்கு உரிமையாளர் இருக்கலாம் என்பதால், இரு பள்ளி இசை ஆசிரியர்களும் சேர்ந்து நமக்கென்றே மெட்டுப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் யூடியூபில் கேட்டு வேறு மெட்டில் பழக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முழு நூலையும் பாடினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். 75 நிமிடத்துக்குச் சுருக்கியிருக்கிறோம். உலாவை அறிவிக்கும் கட்டியக்காரன் வரவு, குற்றாலநாதர் உலா, தலைவி வசந்தவல்லி பந்தடிப்பது, குறத்தி சிங்கி மலைவளம் சொல்வது, குறி சொல்வது, அவள் கணவன் சிங்கனும் அவன் துணையாள் நூவனும் பறவை பிடிப்பது, சிங்கன் சிங்கி உரையாடல் ஆகியவை இருக்கும். காமம் மிகுந்த பாடல்களை எடுத்துவிட்டோம். குற்றாலநாதராக யாரும் நடிக்கப் போவதில்லை. குடையும் சாமரமும் விளக்கும் மேடையைக் கடக்கும், அதுவே உலா.

இரண்டு பள்ளி சேர்ந்தால் ஆளுக்குச் சில காட்சி என்று பிரித்துக்கொண்டு, விழா அன்று ஒட்டிப் போடுவதுதான் எளிது. அதை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அப்படிப் போட்டால் பார்ப்பவர்கள் எந்தப் பள்ளி நன்றாகச் செய்தது என்று கணக்குப் பார்ப்பார்கள், பிள்ளைகளும் அப்படியே பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். நடிப்பவர் 14, ஆடுபவர் 16, பின்பாட்டு 24, வாத்தியமும் மேடை வேலையும் 8, ஆக மொத்தம் 62 பேர். இயக்கம் அந்தப் பள்ளித் தமிழாசிரியர் பொறுப்பு, இசை நம் பள்ளி இசையாசிரியை பொறுப்பு. ஒரே பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் மேடையில் அது திகைத்து நிற்கும். ஐயம் எதுவானாலும் இந்த இருவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூட்டுப் பாட்டில் முதலில் இடறுவது காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம். தனித்தனியாகப் பழகும் குழுக்களில் ஒன்று மெல்ல மெல்ல வேகம் பிடித்துவிடும், மற்றது இழுத்துவிடும். ஒன்றாக நிற்க வைத்தால் மூன்றாவது வரியிலேயே தாளம் இரண்டாகப் பிரிந்துவிடும். இதற்காக ஒவ்வொரு பாட்டையும் சுருதியோடும் தாளத் தட்டோடும் பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். தினமும் பத்து நிமிடம் அந்தப் பதிவோடு மட்டும் பாடினால் போதும். பந்தடிப் பாட்டில்தான் ஓட்டம் அதிகம், அதைக் கூடுதலாகப் பழகட்டும்.

அடுத்தது சுருதி. பெண் பிள்ளைகளுக்கும், குரல் உடையாத ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்களுக்கும் 5 கட்டை என்ற உயர்ந்த சுருதி வசதியாக இருக்கிறது. குரல் உடைந்து நிலைத்துவிட்ட பெரிய பையன்களுக்குத் தாழ்ந்த 1 கட்டை. எல்லோரையும் நடுவில் ஒரு சுருதிக்கு இழுத்தால் ஒருவருக்கும் சரிவராது. சிறியவர்களுக்குக் கீழே குரல் எழும்பாது, பெரியவர்கள் மேலே கத்துவார்கள். ஆகவே கட்டியக்காரன் வரவும் பறவை பிடிக்கும் காட்சியும் 1 கட்டையில், மற்றதெல்லாம் 5 கட்டையில். 1 கட்டைக்குப் பஞ்சமம் (ஸ, ப என்பதில் 'ப') 5 கட்டைதான் என்பதால் 5 கட்டைக்குச் சேர்த்த ஒரே மிருதங்கம் இரண்டுக்கும் இசைந்து போகும். சுருதி மாறும் இடங்களில் பாட்டை நிறுத்தி வசனம் வைத்திருக்கிறோம். அதற்குள் ஹார்மோனியம் மாறிவிடும்.

சிங்கனும் சிங்கியும் வரிக்கு வரி மாறி மாறிப் பாடுவதால் அங்கே சுருதி மாற்ற வழியில்லை. இரண்டு வேடங்களையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கொடுத்திருக்கிறோம். காலில் விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று சிங்கன் பதற, அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று சிங்கி சொல்வாள். சிறு பிள்ளைகள் அதைப் பாடும்போது அந்த வேடிக்கை இன்னும் துலங்குகிறது. பத்து வாரத்துக்குள் பையனின் குரல் உடையவும் கூடும், அதற்காக மாற்று ஆள் ஒருவரும் கூடவே பழகுகிறார். எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்துகொண்டிருக்கும் பையன்களைப் பாட வற்புறுத்தவில்லை. ஜால்ரா, மேடை வேலை, கண்ணி வைக்கும் நடிப்பு என்று அவர்களுக்கும் இடம் இருக்கிறது.

உடை வாடகைக்கு எடுக்கவில்லை. வாடகை உடை விழா அன்று மதியம்தான் வரும். அளவு பொருந்தாவிட்டால் ஊக்குக் குத்திக்கொண்டு ஆட வேண்டியதுதான். வீட்டில் உபயோகமில்லாத பருத்திச் சேலை, கண்டாங்கி இருந்தால் துவைத்துக் கொடுங்கள். 20 சேலை தேவை. வெட்டித் தைப்போம், திரும்பக் கிடைக்காது. பந்து நிஜப் பந்து அல்ல, அது உருண்டு மேடையிலிருந்து விழுந்துவிடும். பஞ்சு அடைத்த துணிப் பந்தை நூலால் விரலில் கட்டிக்கொள்வார்கள். தைக்கத் தெரிந்த தாய்மார்கள் எட்டுப் பந்து செய்து தந்தால் பேருதவி.

பாசிமணி மாலைகளில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் குத்தும் சிறு மைக்கில் மணி உரசினால் அரங்கம் முழுக்கக் கரகரவென்று கேட்கும், பாட்டு காதில் விழாது. அதனால் மைக்கை நெற்றி முடியோரம் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். பிளாஸ்திரி ஒட்டினால் தோல் தடிக்கும் பிள்ளையாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

குறவர் சமூகத்தைச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் படிக்கிறார்கள். சிங்கி தன் மலையையும் தொழிலையும் பெருமையாகப் பாடும் பெண். முகத்தில் கருப்பு பூசுவது, பேச்சை இழுத்துக் கேலி செய்வது, ஒத்திகையில் சாதி சொல்லிச் சிரிப்பது எதற்கும் இடம் கிடையாது. வீட்டிலும் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒத்திகை செவ்வாய், வியாழன் மாலை 4.15 முதல் 5.45 வரை நம் பள்ளிக் கூடத்தில். சனிக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை அவர்கள் அரங்கில், எல்லோரும் சேர்ந்து. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரமும் தேர்வு நாட்களிலும் ஒத்திகை கிடையாது. சாலையைக் கடந்து போக ஆசிரியர்கள் கூட்டிச் செல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்றத் தனி அறை, அங்கே ஆசிரியைகள் இருவர் எப்போதும் இருப்பார்கள். வார நாள் ஒத்திகை தவறினால் வீட்டில் பதிவை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். சனிக்கிழமையைத் தவற விடாதீர்கள். யார் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் வெளியேறுவது என்பதை அங்கேதான் பழக முடியும். ஒரு பிள்ளை வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் நான்கு பேருக்கும் இடம் தடுமாறும்.

மாலை நேரத்துக்குச் சுண்டல் நாங்கள் தருகிறோம். தண்ணீர்ப் பாட்டில் மட்டும் கொடுத்து அனுப்புங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். பிள்ளைகளிடம் பணம் எதுவும் வசூலிக்கவில்லை. ஒலி, ஒளி வாடகை அந்தப் பள்ளி, உடையும் பொருள்களும் நாம். ஒத்திகையில் படம் எடுத்து முகநூலிலோ ஸ்டேட்டஸிலோ போட வேண்டாம். மற்ற பிள்ளைகளின் பெற்றோர் அதற்குச் சம்மதம் தரவில்லை.

இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் மூன்றைக் குறிப்பிடுங்கள்: பிள்ளை வீட்டுக்கு எப்படித் திரும்பும், யார் வந்து அழைத்துப் போவார், உடல்நிலை பற்றி நாங்கள் அறிய வேண்டியது என்ன. கையெழுத்திட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சீட்டு வராத பிள்ளையை ஒத்திகைக்கு நிறுத்திக்கொள்ள மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை