வெறுங்கையோடு ஒரு நடை: அக்காவுக்குக் கடிதம்

அன்புள்ள அக்கா,

நிலாவெளியில் விடியற்காலையில் பனைமரங்களுக்கு நடுவே கடலோரமாக நடக்கிறேன் என்று போன வாரம் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் நடக்க வேண்டும் போலிருந்தது. பௌர்ணமிப் போயா லீவுக்கு அப்புத்தளைப் பக்கம் நம் வீட்டுக்கு வந்தவுடன், அடிஷாம் பங்களாப் பக்கம் ஏறி, தங்கமலைக் காட்டு வழியாக இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தேன்.

நமக்கு அது விறகுப் பாதைதானே. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகாத நாளில் அம்மா கத்தியும் கயிறுமாகக் கிளம்புவாள், பின்னாலேயே நாம் இரண்டு பேரும். போகும்போது அட்டைக்குப் பயந்து காலையே பார்த்துக்கொண்டு நடப்போம். வரும்போது தலையில் கட்டு இருக்கும், கழுத்தைத் திருப்ப முடியாது. அத்தனை வருஷம் நடந்தும் அந்தக் காட்டை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை, அக்கா. இந்த முறைதான் வெறுங்கையோடு போனேன்.

அங்கே மரங்களைக் காற்று உயர விடுவதில்லை. கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, அடிமரமெல்லாம் பாசி. மழையே இல்லை, ஆனாலும் காடு சொட்டிக்கொண்டிருந்தது. பனிமூட்டம் இலைகளில் படிந்து, துளியாகத் திரண்டு விழுகிறது. நாம் குடம் வைத்துக் காத்திருந்த, பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் இதுவும் சேர்ந்துதான் வந்திருக்கும். அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். காதோரம் மஞ்சள் முடி சிலிர்த்த ஒரு கொண்டைக்குருவி தாழ்வான கிளையில் வந்து உட்கார்ந்தது. இலங்கையின் மலைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. நம் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலேயே இருந்திருக்கிறது.

காட்டைத் தாண்டினால் ரயில் பாதை, அப்புறம் ஸ்டேஷன். 1615 மீட்டர் உயரம். மலை முதுகில் இருப்பதால் ஒரு பக்கம் ஊவா மலைகள், மறுபக்கம் தரை அப்படியே சரிந்து தெற்குச் சமவெளிக்குப் போய்விடுகிறது. ஒன்பது மணிக்கு மேல் போயிருந்தால் கீழேயிருந்து பனி ஏறி எல்லாவற்றையும் மூடியிருக்கும். நான் போனபோது உடவளவை நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மின்னியது. அதற்கும் அப்பால், வானத்தோடு ஒட்டினாற்போல ஒரு வெள்ளிக் கோடு. ஞாபகம் இருக்கிறதா? அம்மா ஒரு நாள் விறகுச் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "அதுதான் சமுத்திரம்" என்று காட்டினாளே. இன்றுவரை அவள் பார்த்த கடல் அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் அம்மா முதலில் என் கையைத்தான் பார்த்தாள். "சும்மாவா போயிட்டு வந்த?" என்றாள். ஆமாம் என்றேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்: "கடல் தெரிஞ்சிச்சா?"

தை பிறந்து மழை ஓய்ந்ததும் நீ வா, அக்கா. அவள் முழங்காலுக்கு அந்தக் காட்டு ஏற்றம் சரிவராது. அப்புத்தளையில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் மூன்று பேரும் இறங்கிக்கொள்வோம். பிளாட்பாரத்து நுனியிலிருந்தே அந்தக் கோடு தெரியும். நீ திரும்பிப் போகும்போது அம்மாவையும் நிலாவெளிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
உன் தம்பி