பிள்ளைங்க பேருக்கு நேரா வகை எழுத சொல்லாதீங்க – இங்கிலீஷ் பயிற்சி நடத்துற கருத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கருத்தாளர்களுக்கு, வணக்கம்ங்க.

நான் ஏற்காடு மலையில ஒரு நடுநிலைப்பள்ளில ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்குறேன். போன வருஷம் சேலத்துல ஒரு ரெண்டு நாள் பயிற்சி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி தலை சுத்தலோட தான் வந்து உக்காந்தேன், ஆனா திரும்பும்போது பை நிறைய அட்டையோட சந்தோஷமா தான் மலை ஏறினேன், அங்க காட்டின ஆக்டிவிட்டி எல்லாம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதோட ஒரு கேள்வித்தாளும் குடுத்தாங்க. பிள்ளைங்ககிட்ட கேட்டு, இவன் பார்த்து கத்துக்கிறவன், இவ கேட்டு கத்துக்கிறவ, இவன் செஞ்சு கத்துக்கிறவன்னு பிரிச்சு ரெஜிஸ்டர்ல பேருக்கு நேரா எழுதி, அந்தந்த குழுவுக்கு அந்தந்த ஆக்டிவிட்டி மட்டும் குடுங்கன்னு சொன்னாங்க. அதை பத்தி தான் எழுதுறேன்.

சொன்னபடியே செஞ்சேன்ங்க. புது ஊருக்கு வழி எப்படி கேப்ப, படம் பார்த்தா, யாராவது சொல்லியா, நடந்து பார்த்தான்னு ஒரு கேள்வி. ஒரு பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "நான் புது ஊருக்கு போனதே இல்ல மிஸ்"ன்னா. அவளுக்கும் ஒரு வகை எழுதணும்ல, ஏதோ ஒண்ணு எழுதினேன். இன்னொரு பையன் பெஞ்சுல ரெண்டு நிமிஷம் சேந்தாப்புல உக்கார மாட்டான், அதனால செஞ்சு கத்துக்கிறவன்னு எழுதிட்டேன், மூணு மாசம் அவனுக்கு அட்டை அடுக்குறது, களிமண்ல எழுத்து பிடிக்கிறதுன்னே போச்சு. ஒரு நாள் கேக்குற குழுவுக்கு பழைய கதை ஒண்ண மறுபடி வாசிச்சிட்டு இருந்தேன், நடுவுல நிறுத்தி அடுத்து என்னன்னு கேட்டா, பின்னாடி அட்டை அடுக்கிட்டு இருந்தவன் தலைய கூட நிமித்தாம அடுத்த வரிய அப்படியே இங்கிலீஷ்ல சொல்றான். அவன் குழுவுக்கு அந்த கதைய நான் வாசிச்சதே இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அப்புறம் தேடி படிச்சேன். பார்த்து, கேட்டு, படிச்சு எழுதி, செஞ்சுன்னு பிரிக்கிற வார்க் முறைய நியூசிலாந்துக்காரர் நீல் ஃபிளெமிங், மில்ஸ்ங்குறவரோட சேர்ந்து 1992-ல எழுதினார். நம்ம படிக்கிற விதத்த நாமளே யோசிச்சு பார்க்க ஒரு தூண்டுதல்னு தான் கட்டுரை தலைப்புலயே போட்டிருக்காங்க. 2004-ல காஃபீல்டும் அவர் கூட இருந்தவங்களும் எண்ணி பார்த்தா இப்படி வகை பிரிக்கிற முறை 71 இருந்துச்சு, 71! 2008-ல ஹெரால்ட் பாஷ்லரோட சேர்த்து நாலு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அதுவரைக்கும் நடந்த ஆய்வுகள எடுத்து அலசிட்டு, பிள்ளைங்களுக்கு விருப்பம்னு ஒண்ணு இருக்கலாம், ஆனா அந்த வகைக்கு ஏத்தபடி சொல்லிக்குடுத்தா கூடுதலா படிக்கிறாங்கங்குறதுக்கு போதுமான சான்று இல்லன்னு சொல்லிட்டாங்க.

எந்த ஆக்டிவிட்டி எடுக்கணும்ங்குறத நடத்துற பாடம் தான் சொல்லணும்ங்க, பிள்ளையோட வகை சொல்லக்கூடாது. நான் இப்ப என் வகுப்புல எப்படி செய்யுறேன்னு சொல்றேன். போர்டுல தமிழ்ல 'பால்'னு எழுதி இது குடிக்கிற பாலா அடிக்கிற பாலான்னு கேட்டேன், வகுப்பே சிரிச்சிருச்சு. நமக்கு எழுத்து ஒண்ணு, சத்தம் ரெண்டு, அதனால தான் இங்கிலீஷ்ல எழுதும்போது பசங்க p-யும் b-யும் மாத்தி மாத்தி போடுறாங்க. எல்லாரையும் தொண்டையில ரெண்டு விரல் வெச்சு மெதுவா சொல்ல சொன்னேன். அடிக்கிற பாலுக்கு உதடு திறக்குறதுக்கு முன்னாடியே விரல்ல அதிருது, குடிக்கிற பாலுக்கு திறந்த பின்னாடி தான். அதே மாதிரி பசு, பஸ். அப்புறம் நான் நோட்டால வாய மறைச்சுகிட்டு வார்த்தை சொல்ல, அவங்க பேனா படத்தயோ பஸ் படத்தயோ தூக்கி காட்டணும். கடைசில நாலு கோடு நோட்டுல எழுதினோம், b-க்கு கோடு மேல ஏறும், p-க்கு கீழ இறங்கும். காது, தொண்டை, கண்ணு, கை எல்லாமே ஒரே பீரியட்ல வந்துருச்சு, ஒரு பிள்ளைய கூட ஒதுக்கி உக்கார வெக்கல.

டேபிள்ல, பையில, பஸ் ஸ்டாப்புலன்னு நமக்கு எல்லாத்துக்கும் ஒரே 'ல' தான், இங்கிலீஷ்ல ஆன், இன், அட்னு மூணு. அதுக்கு ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சியும் நாலு காபி கொட்டையும் போதும், நான் சொல்ல சொல்ல அவங்க வெக்கணும், அப்புறம் அவங்க சொல்லணும் நான் வெக்கணும். வராண்டா சுவத்துல வாக்கியம் ஒட்டி, ஒருத்தன் ஓடி படிச்சிட்டு வந்து சொல்ல கூட்டாளி எழுதுற விளையாட்டு நீங்க சொல்லிக்குடுத்தது தான், அதை நான் விடவே மாட்டேன்.

தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்தப்ப பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சோம்ல, அது பிள்ளை இப்ப எவ்வளவு தூரம் படிச்சிருக்குங்குற நிலை. இன்னைக்கு அரும்புல இருக்குற பிள்ளை நாளைக்கு மொட்டுக்கு போகும், அதுக்கு தான் நாம பாடுபடுறோம். செஞ்சு கத்துக்கிறவன்னு எழுதிட்டா அவன் எங்க போவான்? இன்னொண்ணும் மனசுல உறுத்துது. கரும்பலகை சரியா தெரியாத பிள்ளைய கேட்டு கத்துக்கிற வகைன்னு எழுதிட்டா, அதுக்கு கண்ணாடி வேணும்னு யாருக்கு தோணும்?

அடுத்த பயிற்சில ஆக்டிவிட்டிய வகை வாரியா அடுக்காம பாடம் வாரியா அடுக்கி குடுங்க, சத்தத்துக்கு எது, ஸ்பெல்லிங்குக்கு எது, கதைக்கு எதுன்னு. முடிஞ்சா எங்கள மாதிரி கலந்து உக்காந்திருக்குற வகுப்புல நீங்களே ஒரு பீரியட் எடுத்து காட்டுங்க, நாங்க பின் பெஞ்சுல உக்காந்து பாக்குறோம். இந்த வருஷ ரெஜிஸ்டர்ல வகை எழுதுற அந்த கட்டத்த நான் காலியா விட்டிருக்கேன். ஆய்வுக்கு வர்றவங்க அதை குறைன்னு எழுதாம இருக்க ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஒரு இங்கிலீஷ் டீச்சர்