துவக்கு தானாக வெடித்தது என்று வருபவர்களுக்கு

அண்ணன்மார், காக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

பெரும்போக விதைப்பு முடிந்து வேளாண்மை முழங்கால் உயரம் வந்ததும் பன்றி இறங்கும், அதோடு எங்கள் பட்டறையிலும் ஆள் சேரும். மட்டக்களப்பில் உன்னிச்சை, கரடியனாறு, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்தும், தெற்கே திருக்கோவில், சாகாமம் வயல்வட்டைகளிலிருந்தும் பயிர்க்காவல் துவக்குகளைத் திருத்தக் கொண்டு வருகிறீர்கள், நல்லது. ஆனால் "விசையில கையே வைக்கல்ல, தானா வெடி தீர்ந்திட்டு" என்று சொல்லி, போன போகத்தில் நாங்கள் திருத்தியதுதான் காரணம் என்று சண்டைக்கு நிற்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, அதனால்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் பக்க நியாயம். துவக்கு தானாக வெடிக்குமா என்றால், வெடிக்கும். குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கப் பாயும் சுத்தியலை, பின்னால் இழுத்ததும் அதிலுள்ள ஒரு வெட்டில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கும், விசையை இழுத்தால் அந்த நாக்கு விலகும், குதிரை பாயும். அவ்வளவுதான் விஷயம். அந்த வெட்டின் விளிம்பு நகத்தின் தடிப்புக்கூட இராது. அப்பா காலத்துத் துவக்கில் அது தேய்ந்து மழுங்கிப்போயிருந்தால் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தாலோ பிடங்கு, அதாவது தோளில் வைக்கும் கட்டை, வரப்பில் இடித்தாலோ நாக்கு நழுவிவிடும். "சேப்டி போட்டிருந்தேனே" என்பீர்கள். பெரும்பாலான இரட்டைக்குழல் துவக்குகளில் சேப்டி பூட்டுவது விசையை மட்டும்தான், குதிரையை அது பிடித்து வைப்பதில்லை.

இதை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெறுந்துவக்கில் குதிரையை ஏற்றி, பிடங்கிலும் பக்கவாட்டிலும் ரப்பர் சுத்தியலால் தட்டுவோம், குதிரை விழுந்தால் அந்தத் துவக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகாது. விசையில் எடை கட்டித் தொங்கவிட்டும் பார்ப்போம், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையில் குதிரை விழுந்தாலும் அதே கதைதான். விசையைக் கொஞ்சம் லேசாக்கித் தாங்க என்று கேட்பவர்களுக்கு, எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும், எங்கள் பதில் மாட்டோம் என்பதுதான்.

இந்தக் கோளாறு பழைய துவக்குக்கு மட்டும் வருவது என்றும் இல்லை. அமெரிக்காவில் ரெமிங்டன் 700 என்ற வேட்டைத் துவக்கு விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் 2014இல் ஒரு சமரசத்துக்கு வந்து, சுமார் 75 இலட்சம் துவக்குகளை உள்ளடக்கி, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விசைப் பொறியை இலவசமாக மாற்றித்தர இணங்கியது. 2000ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் ஒரு தாய் தோட்டாவைக் கழற்றுவதற்காகச் சேப்டியை எடுத்தபோது அந்த ரகத் துவக்கு வெடித்து, குண்டு, குதிரை மிருகங்களை ஏற்றிச்செல்லும் வண்டியைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்ற 9 வயது மகன் மேல் பட்டது, பிள்ளை இறந்துபோனான். சேப்டியை எடுக்காமல் தோட்டாவைக் கழற்றவே முடியாதபடி செய்யப்பட்ட பழைய துவக்கு அது. அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் கோளாறான துவக்கும் வெடிக்கும்போது குழல்வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சுடும், அதை ஆளின் மீதோ ஆள் நிற்கக்கூடிய இடத்தின் மீதோ திருப்பாமல் வைத்திருப்பது பிடித்திருப்பவரின் வேலை. எங்கள் பட்டறையில் திருத்த முடியாத பாகம் அது ஒன்றுதான்.

அப்புறம், கோளாறு என்று வருவதில் பாதி கோளாறே இல்லை. சிறுபோகம் முழுக்க வீட்டுக் கூரை வளையில் தொங்கிய துவக்கின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அதைப் பார்க்காமல் வெடி வைத்தால் குழல் வீங்கும், சிலவேளை பிளக்கும். வரப்பில் சறுக்கி வாய்க்குள் சேறு போனாலும் அப்படித்தான். பொறிக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறீர்கள், அது தூசியைப் பிடித்துக்கொண்டு நாளாக நாளாகப் பிசினாகிவிடும், தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும்.

இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள். போர் என்பது குழலின் அளவுக்கணக்கு. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர், 20 போருக்கு 15.6. இரண்டு ரகத் தோட்டாவும் ஒரே சட்டைப்பையில் கிடந்து, இருட்டில் 20 போர் தோட்டா 12 போர் துவக்குக்குள் போனால் அது வழுகி உள்ளே போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். குதிரை விழும், வெடிக்காது, திறந்து பார்த்தால் அறை வெறுமையாக இருக்கும், அடடா போட மறந்திட்டேன் என்று பின்னால் 12 போர் ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

நனைந்த தோட்டாவில் வெடி பிந்துவதும் உண்டு. விசையை இழுத்து வெடிக்கவில்லையென்றால் உடனே திறக்காதீர்கள், வாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது நில்லுங்கள். புஸ் என்று மட்டும் சத்தம் வந்தால் அடுத்ததைப் போடாமல், திறந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள், உள்ளே தோட்டாவின் அடைப்பு அட்டை சிக்கியிருக்கலாம்.

இனிப் பொறுப்பு யாருக்கு என்ற பேச்சு. நாங்கள் திருத்திய பாகம் அந்தப் போகத்துக்குள் பிழைத்தால் காசு வாங்காமல் திருத்துவோம், எங்கள் வேலையில் குறை இருந்தால் அதைப் பில்லிலேயே எழுதித் தருவோம். தோட்டா போட்டபடியே துவக்கை வயல் வாடியில் சாத்தி வைத்தது, வயலில் வேலைக்கு நிற்கும் முல்லைக்காரப் பொடியனிடம் குழல்வாயைப் பிடித்து நீட்டியது, வரப்புத் தாவும்போது துவக்கைத் திறந்து மடிக்காமல் போனது, இவற்றை எங்கள் தலையில் கட்ட வேண்டாம். நிறையக் காவல் இரவுகளில் நித்திரைத் தூக்கமும் சாராயமும்தான் கோளாறு, அதை நீங்களும் அறிவீர்கள்.

பட்டறைக்கு வரும்போது தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, துவக்கை மடித்தபடி, அனுமதிப்பத்திரத்தோடு வாருங்கள். வாசலில் நாங்கள் ஒருமுறை குழலைப் பார்ப்போம், உங்கள் கண்முன்னேதான், கோபிக்கக் கூடாது. பத்திரம் டிசம்பர் 31 உடன் முடிவதால் கடைசிக் கிழமையில் எல்லாரும் ஒன்றாக வந்து நெருக்க வேண்டாம், கார்த்திகையிலேயே கொண்டு வந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். மிருகம் தட்டினால் வெடிக்கக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் பத்திரமில்லாத நாட்டுத்துவக்கும் கொண்டு வருபவர்கள் வந்த வழியே திரும்பலாம், அதற்கு விலை பேச வேண்டாம்.